கண்மாய்த் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத அமீபாவும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தூர் வாரும் பணிக்குத் தம் சொந்தச் செலவில் பொக்லைன் அனுப்பி உதவிய நிலக்கிழார் அவர்களே, பாசன சங்கத்துப் பெரியவர்களே, மேலூர் வட்டாரத் தாய்மார்களே, வணக்கம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது என் தாத்தா அடிக்கடி சொன்ன பழமொழி. அமீபாவின் வாழ்க்கை, அதன் மரபணு, அது தரும் நோய் என மூன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மண்ணிலும் நீரிலும் பாக்டீரியாவைத் தின்று தன்போக்கில் வாழும் உயிர் இது. இவற்றுள் மூளையைத் தாக்கும் வகையான நெக்லேரியா ஃபௌலேரி, 46 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் வளரும். ஊர்ந்து இரை தேடும், கசையிழை முளைத்து நீந்தும், காலம் கெட்டால் கூடு கட்டி ஒடுங்கும். இது வாழும் தண்ணீரைக் குடிப்பதால் மூளை நோய் வருவதில்லை. மூக்கில் ஏறினால்தான் மணமறியும் நரம்பு வழியே மூளையை அடைகிறது. புரதம் செய்யும் ரைபோசோமை உருவாக்க உதவும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களைக் குரோமோசோமில் வைக்காமல், தனியான வட்ட டி.என்.ஏ.வில் வைத்திருப்பது இந்த இனத்தின் விந்தை.

கண்ணைக் கெடுப்பது அகந்தமீபா என்னும் வேறோர் அமீபா. என் மைத்துனர் நாற்று நடும்போது சேறு தெறித்த கண்ணைக் கண்மாய்த் தண்ணீரிலேயே கழுவினார். கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார். ஓரிடத்தில் பூஞ்சை என்று சொல்லி ஒரு மாதம் மருந்து கொடுத்தார்கள். அவரோ வலி பொறுக்காமல், நனைத்த துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டறையிலேயே கிடந்தார். அக்காள் சோற்றைப் பிசைந்து கையில் வைத்தால்தான் உண்பார். கடைசியில் மதுரையில் கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது, வெளிச்சுவர் சுருங்கி, உட்சுவர் நட்சத்திரம்போல் மூலைகள் நீண்ட இரட்டைச் சுவர்க் கூடுகள் தெரிந்தன. நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். மேலை நாடுகளில் கான்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கு மிகுதியாக வரும் இந்நோய், நம் நாட்டில் லென்ஸையே அறியாத உழவர்களுக்கு வருகிறது. 18எஸ் என்னும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் வேறுபாட்டைக் கொண்டு வகுத்த அகந்தமீபா வகைகளில், நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது டி4 என்னும் வகை.

மருத்துவத்தை மருத்துவர்கள் சொல்லட்டும். அந்தக் கூடு பல மருந்துகளுக்கு அசைவதில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அதனால்தான் வெள்ளம் வருமுன் அணை என்கிறேன். வரத்துக்கால் அடைபட்டு, தூர் மேடிட்டு, முழங்காலளவே நிற்கும் தண்ணீர் சித்திரை வெயிலில் கொதிக்கிறது. சூடு விரும்பும் நெக்லேரியாவுக்கு வாய்த்த இடம் அது. அதில்தான் நம் பிள்ளைகள் முங்கு நீச்சல் அடிக்கிறார்கள். ஆகவே வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் மனு மேடையின் இடப்புற மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். திங்கட்கிழமை காலை தாலுகா அலுவலகத்துக்கு நானே எடுத்துச் செல்கிறேன்.