பழைய ஜிபிஎஸ் கருவிக்கு இரண்டு செல் போட்டுப் பார்த்தேன்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு மஞ்சள் நிறக் கருவி]

இது போன் இல்லை, பேஜரும் இல்லை. கையில் பிடித்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவி. வயது இருபதுக்கு மேல் இருக்கும். நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு வயர்லெஸ் செட் பழுதுபார்க்கும் ஒரு கடையில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். "ஓடினா ஓடும் சார், ஓடலைன்னா திருப்பிக் கொண்டு வராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். நியாயமான பேச்சு.

இதில் மேப் கிடையாது, சிம் கிடையாது, கலர் திரையும் கிடையாது. இரண்டு பென்சில் செல் போட வேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: பின்மூடி திறக்கிறது. செல் தொடும் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி]

உள்ளே பழைய செல் கசிந்து காய்ந்துபோயிருந்தது. இந்த அல்கலைன் செல்லின் கசிவு காரம். அதனால் புளிப்பான எதுவும் அதை எடுத்துவிடும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு, பழைய டூத் பிரஷ், பிறகு ஈரம் போகத் துடைத்து ஒரு நாள் காய விட்டேன். விளிம்பு ரப்பர் வெல்லப்பாகு மாதிரி ஒட்டுகிறது. அதற்கு வைத்தியம் இல்லை.

சரி, இப்போது மொட்டைமாடி. தஞ்சாவூர். 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பொத்தானை அழுத்தினேன். திரை விழித்தது.

[காட்சி: திரையில் வட்டத்துக்குள் வட்டம், கீழே வரிசையாகக் காலிப் பட்டைகள்]

பெரிய வட்டத்தின் விளிம்புதான் அடிவானம். நடுப்புள்ளி நம் உச்சந்தலைக்கு நேர் மேலே. வட்டத்துக்குள் சிதறியிருக்கும் எண்கள் செயற்கைக்கோள்கள். கீழே உள்ள பட்டை ஒவ்வொன்றும் ஒரு செயற்கைக்கோளின் சிக்னல். போனில் யாரும் நமக்குக் காட்டாத படம் இது. பட்டைகள் எல்லாம் காலியாக இருந்தன. ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம். அப்பா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் இவ்வளவு நேரம்? கருவி மக்கு என்பதால் இல்லை. செயற்கைக்கோள் பேசும் வேகம் அப்படி. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தான் எந்தப் பாதையில் இருக்கிறது, இப்போது மணி என்ன என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வேகம் நொடிக்கு 50 பிட். இந்த வேகத்தில் இரண்டு எம்பி போட்டோ ஒன்றை அனுப்பினால் வந்து சேர மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஒரு செயற்கைக்கோள் தன் சொந்தப் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை சொல்லும். மற்ற எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். உங்கள் போன் இதையெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு நொடியில் வாங்கிவிடுகிறது. அதனால்தான் அதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை. நம் மஞ்சள் பெட்டிக்கு அப்படிக் காதில் ஓத யாரும் இல்லை. வானத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழாவது நிமிடம் ஒரு பட்டை எழுந்தது, வெறும் கோடாக. 'குரல் கேட்கிறது, பேச்சு இன்னும் முழுசாக வரவில்லை' என்று பொருள். கொஞ்ச நேரத்தில் அது கறுப்பாக நிறைந்தது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நான்காவது கறுத்ததும் திரை மாறி எண்கள் வந்தன.

நான்கு ஏன் வேண்டும்? மின்னல் வெட்டியதும் இடி கேட்கும்வரை எண்ணி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கணக்குப் போடுவோமே, அதே வேலைதான். சிக்னல் கிளம்பிய நேரம் அதிலேயே இருக்கிறது. வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். ஒளியின் வேகத்தில் வருவதால், நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் இருப்பதோ கைக்கடிகாரத்தில் இருக்கும் மாதிரியான சாதாரண குவார்ட்ஸ். ஆகவே மூன்று செயற்கைக்கோள் இடத்துக்கு, நான்காவது இந்தக் கடிகாரத்தின் பிசகைத் திருத்த.

[காட்சி: திரையில் 10 டிகிரி 47.215 நிமிடம் வடக்கு. கடைசி இலக்கம் மாறுகிறது]

இந்தக் கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடம் இல்லை, ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 1.85 மீட்டர். வடக்கே இரண்டு மூன்று எட்டு வைத்தால் 215 என்பது 216 ஆகிறது. திரும்பி வந்தால்... 214! கொஞ்சம் தடுமாறும்.

எவ்வளவு தடுமாறும் என்று பார்க்க, தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். இருந்த இடத்திலேயே கிறுக்கலாக ஒரு தடம் வரைந்து, 'பயணம் 410 மீட்டர்' என்று கணக்கும் காட்டியது. தொட்டியை விட்டு இறங்கவே இல்லை, பாவம். இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2000 மே மாதத் தொடக்கம்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலைத்துத்தான் அனுப்பியது. அப்போது இந்தக் கிறுக்கல் நூறு மீட்டர் அளவுக்குப் பரவியிருக்கும். மாஜெல்லன் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த கையடக்கக் கருவியைச் சுமார் 3,000 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்தக் கலைந்த சிக்னல்தான்.

இடம் சரி. தேதியைப் பார்த்தால்தான் வேடிக்கை.

[காட்சி: திரையில் 2005 அக்டோபர் 30, ஞாயிறு]

கிழமை சரி, மணி சரி. தேதி மட்டும் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் நிற்கிறது. கருவியின் கணக்கில் இது 2005 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு.

இதைப் புரிந்துகொள்ள நம் பஞ்சாங்கம் போதும். 'விசுவாவசு வருஷம் ஆனி மாதம்' என்று மட்டும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தால் அது 1965ஆ 2025ஆ? சொல்ல முடியாது. அறுபது பெயர் முடிந்ததும் மறுபடி பிரபவதான். ஜிபிஎஸ் பஞ்சாங்கம் வாரத்தை எண்ணுகிறது. 1980 ஜனவரி 6இல் வாரம் பூஜ்யம். எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் பத்து பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய பத்து கட்டம். ஆக 1023க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு சுற்று முடிந்தது, 2019 ஏப்ரலில் இரண்டாவது. இந்தப் பெட்டிக்கு மென்பொருள் எழுதியவர்கள் முதல் சுற்று முடிவதை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார்கள். அதனால் இது சரியாக 1,024 வாரம் பின்தங்கி நிற்கிறது. முழு வாரங்களாக விலகுவதால் கிழமை பிசகவில்லை. இடத்தைக் கணக்கிட, வாரம் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பதே போதும். எனவே அதுவும் பிசகவில்லை.

அடுத்து நினைவகம். இதற்குள் முந்தைய சொந்தக்காரர் குறித்து வைத்த 63 இடங்கள் அப்படியே இருந்தன. ஒரு பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். ஆங்கில எழுத்தில் தமிழ்: 'பார்', 'பார்2', 'கல்', 'கப்பல்'. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, மீன் கூடும் இடம். கப்பல் என்றது மூழ்கிக் கிடக்கும் கப்பலாக இருக்கலாம். அங்கும் மீன் அண்டும், வலையும் சிக்கும். 'மாமா' என்றுகூட ஓர் இடம் இருக்கிறது, கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. மாமா காட்டிக்கொடுத்த இடமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

கரையில் உள்ள கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து நடுக்கடலில் இடம் பார்த்த காலம் உண்டு. கரை மறைந்துவிட்டால் அந்த வித்தை உதவாது. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இந்திய இலங்கைக் கடல் எல்லையும் தண்ணீரில் தெரியாது. இந்த மாதிரி எண்களாகத்தான் இருக்கிறது. ஆகவே படகில் இந்தப் பெட்டிக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த 63 இடங்களின் எண்களை வீடியோவில் மறைத்திருக்கிறேன். கமெண்டில் கேட்காதீர்கள். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

பட்டியலின் கடைசியில் 'வீடு' என்று ஒன்று. துறைமுக வாயில்தான் அது. அதைத் தேர்ந்தெடுத்து 'போ' என்று அழுத்தினேன். தூரம் 77 கிலோமீட்டர் என்று வந்தது, கூடவே ஓர் அம்பு. ஆனால் அம்பு நிலைகொள்ளவில்லை. உள்ளே காந்த ஊசி கிடையாது. நாம் நகர்ந்தால்தான், நகரும் திசையை வைத்து, எந்தப் பக்கம் என்று இதற்குத் தெரியும்.

[காட்சி: கையில் கருவி, நடக்கும் கால்கள்]

கொடிக்கயிறுகளுக்கு அடியில் குனிந்து நடந்தேன். பத்து எட்டு வைத்ததும் அம்பு நிதானித்து நேர் கிழக்கே காட்டியது. இன்னும் ஆறு எட்டு. கைப்பிடிச் சுவர் வந்துவிட்டது, நின்றேன். அம்பு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.