பூட்டிய கதவும் ஒரு பழைய நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பேச வரும்போது ஒரு பழைய நோட்டைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்கிறேன், கேளுங்கள். "மேற்குச் சுவர், நாலாவது கல். மணி இரண்டு தடவை. அப்புறம் தவளையா?" கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். எந்தச் சுவர், என்ன மணி, தவளைக்கு அங்கே என்ன வேலை என்பதெல்லாம் இன்றைக்கு எனக்கே தெரியாது. ஆனால் எழுதிய அந்த இரவில் இதைவிட முக்கியமான வரி வேறு எதுவும் எனக்கு இருந்திருக்காது.

வீடியோ கேம் என்றதும் துப்பாக்கியும் கார் பந்தயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அந்தக் குடும்பத்தின் சாதுவான உறவினர்களைப் பற்றி. இவற்றில் சுடுவதற்கு ஆள் கிடையாது, ஜெயிப்பதற்கு எதிரி கிடையாது. ஆளில்லாத ஒரு தீவிலோ வீட்டிலோ உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். திரையில் உங்கள் உருவம்கூடத் தெரியாது. உங்கள் கண் எதைப் பார்க்குமோ அதுதான் படம். சரி, இங்கே என்ன செய்ய வேண்டும்? அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே.

இதற்கு வேர் ஓர் உண்மையான குகையில் இருக்கிறது. வில் க்ரௌதர் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் குகைகளில் இறங்கி அளந்து வரைபடம் போடுவதில் ஆர்வமுள்ளவர். கென்டக்கி மாநிலத்தின் மேமத் குகை அவருக்கு நன்றாகப் பழக்கம். 1970களின் நடுவில், மணவாழ்க்கை முறிந்திருந்த நேரத்தில், தன் மகள்களுக்காக அந்தக் குகையைக் கணினிக்குள் கட்டினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று திரை சொல்லும். வடக்கு என்று தட்டினால் வடக்கே போகும். டான் உட்ஸ் என்பவர் 1977இல் அதைப் பெரிதாக்கினார். அதில் ஒரு பகுதியில் எந்த அறைக்குப் போனாலும் அதே வர்ணனைதான் வரும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. தப்பித்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: கையிலிருந்த பொருள்களை அறைக்கு ஒன்றாகக் கீழே போட்டார்கள். கூண்டு கிடந்தால் இந்த அறை, சாவி கிடந்தால் அந்த அறை. இதை எந்த விதிமுறையும் சொல்லித்தரவில்லை. அவர்களே யோசித்துக் கண்டுபிடித்தது. இந்த வகை விளையாட்டின் ருசி முழுவதும் அந்த ஒரு தந்திரத்தில் இருக்கிறது என்பேன்.

படத்தோடு வந்து உலகத்தையே இந்தப் பக்கம் திருப்பியது 1993இல் வெளியான மிஸ்ட். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி செய்தது. ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில், அட்டைகளை அடுக்குவதுபோல ஏறக்குறைய 2,500 அசையாப் படங்களை ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு படம், அவ்வளவுதான் நடை. இருந்தும் 2002இல் தி சிம்ஸ் முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் விற்பனையில் அதுதான் முதலிடம். சாவு கிடையாது, நேரக்கெடு கிடையாது. காற்றும் அலையும் எங்கோ ஓர் இயந்திரம் முனகுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். மிஸ்டில் ஓரிடத்தை வானொலியிலேயே விளையாடிவிடலாம். நிலத்தடியில் ஒரு சின்ன வண்டியில் போவீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஓசை வரும். எந்த ஓசை எந்தத் திசை என்று தெரிந்தால் வழி கிடைக்கும். அந்த ஓசைகளின் பொருள் வேறோர் உலகத்தில் ஓர் இயந்திரத்துக்குள் கிடக்கிறது. அங்கே போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் இருட்டில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மற்ற விளையாட்டுகளில் முன்னேறுவதென்றால் வாள் கூர்மையாகும், பலம் ஏறும், பை நிறையும். இங்கே உங்களுக்குச் சேருவது தகவல் ஒன்றுதான். விடை தெரிந்தவர் மிஸ்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் முடித்துவிடலாம். கதவு முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. உங்களுக்குத்தான் தெரியவில்லை. 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம், உங்களிடம் ஓர் ஓட்டை விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும். மறுபடி தீ மூட்டத்தின் அருகே கண் விழிப்பீர்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. அறிந்தது மட்டும் மிஞ்சும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் அதில் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் குகைகள் மூடும், மறுபக்கம் புதைந்த கட்டடங்கள் தலைகாட்டும். சுவரிலிருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மணல் மேலேறி வந்து உங்களைக் கூரையோடு நசுக்கிவிடும். கோபம் வரும். ஆனால் படித்த இரண்டு வரி தலைக்குள் இருக்கிறதே, அதை யார் பிடுங்க முடியும்?

மயக்கத்தைச் சொல்லிவிட்டேன். இனி எரிச்சலுக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்.

நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். எந்தக் கதவும் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தேவையானதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள், ஆனால் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அல்லது, பார்க்க வேண்டிய ஒரு பொருளை இன்னும் பார்க்கவே இல்லை. முதலாவது சுகமான வலி. குளிக்கும்போது, தூங்கப் போகும்போது, தலைக்குள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று பொறி தட்டும். இரண்டாவது வெறும் தண்டனை. எத்தனை இரவு யோசித்தாலும் பயனில்லை, ஏனென்றால் யோசிக்க வேண்டிய பொருளே கைவசம் இல்லை. மாட்டிக்கொண்டவருக்கு, தான் எதில் மாட்டியிருக்கிறோம் என்பது தெரியாது. இதுதான் கொடுமை.

என் கதையைச் சொல்கிறேன். விளையாட்டின் பெயர் வேண்டாம். ஒரு கலங்கரை விளக்கத்தில் நாலு மாலை மாட்டிக்கொண்டேன். சுவரில் இருந்த சித்திரங்களை எண்ணினேன், கூட்டினேன், பெருக்கினேன். ஏழின் மடங்குகள் என்று ஒரு கோட்பாடே கட்டி, மூன்று பக்கம் எழுதினேன். கடைசியில் பார்த்தால் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சுவரின் நிறத்திலேயே, அதே பழுப்பில். இழுத்தால் ஏணி இறங்கும். அவ்வளவுதான். கண்டுபிடித்தபோது சந்தோஷம் வரவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

மிஸ்டுக்கு அடுத்து 1997இல் வந்த ரிவனில் பேர்பெற்ற ஓரிடம் உண்டு. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவீர்கள். கதவை யாராவது திரும்பிப் போய்ச் சாத்துவார்களா? வழி அந்தத் திறந்த கதவுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சாத்தினால்தான் தெரியும். இது புத்திசாலித்தனமா அநியாயமா என்று விளையாடியவர்கள் இன்னும் சண்டை போடலாம். என்னைக் கேட்டால் பாதி பாதி. திறந்த கதவு ஒரு சுவரை மறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதை நினைவுபடுத்தும் ஒரு சின்ன அறிகுறி முன்பே எங்காவது இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அந்த விளையாட்டு ஐந்து சிடியில் வந்தது என்பது தனிக் கதை. தீவு மாறினால் சிடியையும் மாற்ற வேண்டும். ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய தீவுக்கு ஓர் எட்டுப் போய்வர எழுந்து உட்கார வேண்டியிருந்தது.

நல்ல விளையாட்டுகள் இந்த நோயைப் புரிந்துகொண்டு மருந்து வைக்கின்றன. அவுட்டர் வைல்ட்ஸில் விண்கலத்துக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். ஓரிடத்தில் நீங்கள் பார்க்காதது பாக்கி இருந்தால், இங்கே இன்னும் இருக்கிறது என்று அது சொல்லும். சொல்லவில்லையென்றால், பார்த்தாகிவிட்டது, உட்கார்ந்து யோசி என்று பொருள். லூக்கஸ் போப் 2018இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் இன்னும் நாசூக்கானது. 1807ஆம் ஆண்டில் ஆளில்லாமல் கரைக்கு வந்துசேரும் ஒரு கப்பல். அதிலிருந்த 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள் என்று காப்பீட்டு அதிகாரியாக நீங்கள் கண்டறிய வேண்டும். புத்தகத்தில் ஒருவரின் முகம் மங்கலாக இருந்தால், அவரை அடையாளம் காணப் போதிய தடயம் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தெளிந்துவிட்டதா, இனி உங்கள் பாடு. ஊகமாக எழுதித் தள்ளவும் முடியாது. மூன்று பேருடைய விவரம் சரியாக அமைந்தால்தான் சரி என்று ஒத்துக்கொள்ளும். விடையில் ஓர் எழுத்துகூடச் சொல்லாமல், எந்த வகையில் மாட்டியிருக்கிறாய் என்று மட்டும் சொல்வது பெரிய மரியாதை.

அந்த மரியாதை கிடைக்காதபோதுதான் ஆட்கள் வாக்த்ரூவை, அதாவது விடைகளைப் படிப்படியாகச் சொல்லிவிடும் குறிப்பை, தேடிப் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஒரே ஒரு வரி பார்க்கலாம் என்று திறப்போம். கண் தானாக அடுத்த வரிக்கு ஓடிவிடும். அதற்குப் பிறகு நடப்பது விளையாட்டில்லை, ஒரு விலாசத்துக்குப் பொட்டலம் கொண்டுபோகிற வேலை.

நடையைப் பற்றியும் கொஞ்சம் புலம்ப வேண்டும். புதிரே இல்லாமல் நடந்து, பார்த்து, கேட்டுக் கதையை அறிகிற ஒரு கிளை உண்டு. டியர் எஸ்தர், கான் ஹோம், ஃபயர்வாட்ச் எல்லாம் அந்த வழி. வாக்கிங் சிமுலேட்டர் என்று கேலியாக வைத்த பெயர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. கான் ஹோமில் 1995இல் ஒரு பெண் வெளிநாட்டுப் பயணம் முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் யாரும் இல்லை. இடி இடிக்கிறது. ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டே போகிறீர்கள், அணைக்க மனசு வராது. இழுப்பறையில் ஒரு சீட்டு, அலமாரியில் ஒரு கேசட். அப்படியே ஒரு குடும்பம் துண்டு துண்டாகத் தெரிய வரும். இதையெல்லாம் நடை என்று மட்டும் சொல்வது அநியாயம். ஆனால் அந்த நடையின் வேகம் இருக்கிறதே! 2015இல் வந்த எவரிபடீஸ் கான் டு தி ராப்ச்சரில் நத்தை வேகம் என்று எல்லோரும் குறைபட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேகமாக நடக்கலாம். விளையாட்டுக்குள் அதைச் சொல்ல விட்டுவிட்டார்கள். கயிறு கதைதான் மறுபடியும்.

சிலருக்கு இவை உடம்புக்கே ஒத்துக்கொள்ளாது. நகர்கிறாய் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறாய் என்று காதின் உள்பகுதி சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் வயிறு கலங்குகிறது. பார்வைக் கோணத்தை அகலமாக்கி, நடக்கும்போது படம் குலுங்கும் தலை ஆட்டத்தை அணைத்து, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் ஓரளவு குறையும். அந்த வசதிகளைக்கூட வைக்காத விளையாட்டுகள் உண்டு. நிறப்பார்வைக் குறையுள்ளவர்கள், காது கேளாதவர்கள் பாடு இன்னும் மோசம். 2016இல் வந்த தி விட்னஸ் ஒரு சொல்லும் இல்லாமல் 500க்கு மேற்பட்ட புதிர்களால் தன் மொழியைத் தானே கற்றுத்தருகிற அற்புதம். ஆனாலும் அதில் சில புதிர்கள் நிறத்தை நம்பியும் சில பறவைக் குரலை நம்பியும் நிற்கின்றன. அந்த இடங்களில், பார்க்கத் தவறியவராக இல்லாமலே அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இவற்றை ஒரு தடவைதான் விளையாட முடியும். தெரிந்ததைத் தெரியாததாக்க வழி கிடையாது. முடித்தவர்கள் அடுத்தவரை விளையாடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பது அதனால்தான். அவர் கயிற்றுக்குக் கீழே நிற்பார். மேலே பார், மேலே பார் என்று நமக்கு நாக்கு துடிக்கும். நான் மூன்று முறை இருமிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. இந்த நோட்டில் கடைசியாக ஒரு பக்கம் இருக்கிறது. ஓர் அரைவட்டக் கதவை வரைந்து, பக்கத்தில் ஐந்து புள்ளி வைத்து, பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இது எந்த விளையாட்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. விடையைத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். நேற்று இரவு இங்கே வருவதற்காக நோட்டைப் புரட்டியபோது, அந்த ஐந்தாவது புள்ளி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தள்ளி இருப்பதைக் கவனித்தேன். நான் வரைந்ததில் கை தவறியதா, அங்கேயே அப்படித்தான் இருந்ததா தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் பார்க்க வேண்டும்.

வணக்கம்.