இராமானுசன் மிகப் பெரியதாக இருக்கும் என்று கணித்த எண்

கோவை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுசன், 1729 என்ற எண்ணை இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதலாம் என்று நோய்ப்படுக்கையில் இருந்தபடி ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியிடம் கூறிய செய்தியை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்த உரையாடல் அங்கே முடியவில்லை. கனங்களுக்குப் பதிலாக நான்காம் படிகளுக்கு அப்படி ஓர் எண் உண்டா என்று ஹார்டி கேட்டபோது, சற்றே யோசித்த இராமானுசன், எடுத்துக்காட்டு எதுவும் உடனே புலப்படவில்லை என்றும், அத்தகைய முதல் எண் மிகப் பெரியதாகவே இருக்க வேண்டும் என்றும் விடையளித்தார்.

அந்த எண்ணை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் ஆய்லர் கண்டிருந்தார். தாளும் பேனாவும் அருகில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்: 63 கோடியே 53 லட்சத்து 18 ஆயிரத்து 657. ஓர் எண்ணின் வர்க்கத்தை மீண்டும் வர்க்கப்படுத்தினால் கிடைப்பது அதன் நான்காம் படி. 59, 158 ஆகியவற்றின் நான்காம் படிகளைக் கூட்டினாலும், 133, 134 ஆகியவற்றின் நான்காம் படிகளைக் கூட்டினாலும் இதே தொகைதான் வரும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும் கணக்கு எழுதுவோருக்கு 63 கோடி என்பது மலைப்பூட்டும் தொகையன்று. இருந்தும் இராமானுசனின் கணிப்பு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். இந்த எண்ணுக்குள் அடங்கும் வர்க்க எண்கள் 25,205, கனங்கள் 859, நான்காம் படிகளோ வெறும் 158. இவ்வளவு அரிதாக நிற்பவற்றில் இரண்டு வெவ்வேறு இணைகள் ஒரே தொகையைத் தருவதற்கு நெடுந்தொலைவு போகத்தான் வேண்டும். ஐந்தாம் படிகளுக்கு இப்படி ஓர் எண்ணை இன்றுவரை எவரும் கண்டதில்லை.

எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்தது அதன் பகாக் காரணிகளே. 41, 113, 241, 569 ஆகிய நான்கையும் பெருக்கினால் இந்த எண் வரும். நான்கில் எதனை 8ஆல் வகுத்தாலும் மீதி 1. இது தற்செயல் அன்று. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் நான்காம் படிகளைக் கூட்டினால், அத்தொகையை வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் ஒவ்வொன்றும் 8ஆல் வகுக்க மீதி 1 தருவதாகவே அமையும் என்பதை ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கொண்டு நிறுவிவிடலாம்.

அந்தக் காரணிகளிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. 4ஆல் வகுக்க மீதி 1 தரும் நான்கு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகச் சரியாக எட்டு வழிகளில் எழுதலாம். நம் எண்ணுக்குரிய அந்த எட்டு வழிகளில், வர்க்கப்படுத்தப்படும் இரண்டு எண்களுமே தாமும் வர்க்கங்களாக இருப்பவை இரண்டே. அவைதாம் ஆய்லர் கண்டவை.

உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காரணிப்படுத்தச் சொல்லலாம். 2ஆல் வகுபடாது என்பது பார்த்தவுடனே தெரியும். அதன்பின் 41ஐ எட்டும் முன் 3 முதல் 37 வரை பதினொரு பகா எண்கள் குறுக்கே நின்றாலும், மேற்சொன்ன விதியை அறிந்த மாணவர் அவற்றுள் 17ஐ மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். மீதி 12 வரும்.