வற்றாப்பளையும் வட்டக்கச்சியும்: நாநுனியின் மூன்று இடங்கள்

ஆசிரியர்களே, பெற்றோரே, வணக்கம்.

ஒரு மெய்யொலியை இனங்காண மூன்று கேள்விகள் போதும். காற்று எங்கே தடைபடுகிறது, எப்படித் தடைபடுகிறது, அப்போது குரல்நாண்கள் அதிர்கின்றனவா?

முதற் கேள்விக்கு இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னியின் ஊர்ப்பெயர்களே பாடம். முத்தையன்கட்டு, வற்றாப்பளை, வட்டக்கச்சி. மெதுவாகச் சொல்லி, இரட்டிக்கும் இடத்தில் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். 'த்த'வில் நாநுனி மேற்பல்லின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். 'ற்ற'வில் பல்லை விட்டு, பல்முரசுக்குப் (ஈறுக்கு) பின்னாலுள்ள மேட்டில் நிற்கும், அது நுனியண்ணம். 'ட்ட'வில் நுனி பின்னோக்கி மடிந்து மேட்டுக்கும் அப்பால் தொடும். அது நாமடி ஒலி. மூன்றும் தடையொலிகள், அதாவது காற்றை முழுதாய் நிறுத்திச் சொல்பவை. மூன்றிலும் குரல்நாண் அதிர்வதில்லை. இடம் ஒன்றே வேறு. பத்து, பற்று, பட்டு என மூன்று சொற்கள் பிறப்பது அதனால்தான்.

தமிழகத்தில் பலர் 'பற்று' என்னும்போது ரகரச் சாயல் சேரும். அது அவர்களுடைய வழக்கு, பிழையல்ல. ஆனால் தொலைக்காட்சியில் கேட்ட அந்த உச்சரிப்புத்தான் சுத்தத் தமிழ் என்று எங்கள் பிள்ளைகளைத் திருத்தாதீர்கள். நாநுனித் தடையொலியை இப்படி மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும் மொழிகள் உலகில் மிகச் சில. பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே கொண்டு வருகிறார்கள்.

அதிர்வைப் பார்க்கக் குரல்வளையில் விரல் வையுங்கள். 'பத்து'வில் நடுவே அதிர்வு அறுந்துபோகும், 'பந்து'வில் தொடரும். குசுகுசுத்துச் சோதித்தால் இரண்டிலும் அதிர்வு இராது, வேறுபாடும் தெரியாது.

காற்று எப்படித் தடைபடுகிறது என்ற கேள்வியில் ழகரம் உண்மையான சிக்கல். எங்கள் பேச்சில் அது ளகரத்தோடு கலந்துவிட்டது. 'வழி'யும் 'வளி'யும் ஒன்றாய்க் கேட்பதால் பிள்ளை சொல்வதெழுதலில் தடுமாறுகிறது. ஆசிரியர் உரத்துச் சொல்வதால் மட்டும் நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடாது. 'ள்' சொல்லும் நிலையில் நாவை நிறுத்தி, வாயால் காற்றை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள்: நாவின் ஓரம் குளிரும். காற்று மருங்கால் போகும் ஒலி அது. 'ழ்' நிலையில் நடுப்பகுதி குளிர வேண்டும். ஓரம் குளிர்ந்தால் நுனி அண்ணத்தில் ஒட்டிவிட்டது என்று பொருள். சற்றே இறக்கச் சொல்லுங்கள். தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை ரகரத்தோடு சேர்த்து, நாநுனி அண்ணத்தை வருடப் பிறப்பதாகச் சொல்வதையும் இங்கே நினையுங்கள்.

முதலில் 'ஆழ்', பிறகு 'வாழை', கடைசியாகக் 'கிழி'. இகரம் நாவை முன்னுக்கு இழுப்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.