ஊர்ப் பெயருக்குக் காவல் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. இந்த நாட்களில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில் திருபுவனத்தைக் கடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வேனிலும் காரிலுமாகக் கல்யாண வீட்டார் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். புதுச்சேரிக்காரர்கள் வருவார்கள், மதுரைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் ஊரில் பட்டுக்கடை இல்லாமலா? இருந்தாலும் முகூர்த்தப் பட்டு இங்கே எடுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. எந்த நடிகை சொல்லியும் அவர்கள் வரவில்லை. அத்தை எடுத்தாள், இருபது வருஷம் உழைத்தது, பெண்ணுக்கும் அங்கேயே எடுப்போம் என்று வருகிறார்கள்.

இப்படி ஒரு பெயர் எப்படி உண்டாகிறது, உண்டான பெயர் எப்படி நிற்கிறது, எப்படிப் போகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவள். என் தாய்மாமன் தறி வைத்திருந்தவர். அதனால் உலகப் புகழ் பெற்ற உடை, பெட்டி, கைக்கடிகாரக் கம்பெனிகளின் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் மனம் நம் காவிரிக்கரை ஊர்களைத்தான் சுற்றி வரும்.

முதலில் ஜீன்ஸ். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர் இருந்தார். உடலுழைப்பு வேலைக்காரர்களின் கால்சட்டை எப்போதும் பை ஓரத்தில்தான் கிழியும். அவர் அந்த மூலைகளில் சின்னச் செப்பு ரிவிட் அடித்துக் கொடுத்தார். கிழியவில்லை. வேலை குவிந்தது. காப்புரிமை வாங்கக் கையில் பணம் இல்லாததால், தனக்குத் துணி அனுப்பிய சான்பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது.

ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தால் யார் வேண்டுமானாலும் ரிவிட் அடிக்கலாம். அந்த நாள் வருவதற்குள், 1886இல், கம்பெனி ஒரு தோல் பட்டையை இடுப்பில் தைத்தது. இரண்டு குதிரைகள் ஒரு கால்சட்டையை இரண்டு பக்கமும் இழுக்கின்றன, கிழியவில்லை என்று அதில் ஒரு படம். வாங்குகிறவர்களில் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு, ஆங்கிலம் தெரியாமல் வந்து குடியேறியவர்கள் உண்டு. அவர்கள் கடையில் போய்க் குதிரைப் படம் போட்டதைக் கேட்டு வாங்கினார்கள். நம் பாட்டிமார் தீப்பெட்டியையும் சீயக்காய்த் தூளையும் படத்தைச் சொல்லியே வாங்கினார்கள் இல்லையா, அதே கதைதான். சரக்கு முதலில் வந்தது, அடையாளம் அடுத்து வந்தது. இந்த வரிசையை மாற்றி அடையாளத்தை முதலில் செய்ய நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

பாரிஸில் லூயி வித்தோன் 1854இல் பெட்டிக்கடை வைத்தார். அந்தக் காலத்துப் பயணப் பெட்டிகளுக்கு மூடி குவிந்திருக்கும், மழைநீர் வழிந்து ஓடட்டும் என்று. ஆனால் ரயிலிலும் கப்பலிலும் அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. அவர் மேல்பக்கத்தைத் தட்டையாக்கி, தண்ணீர் புகாத கித்தான் போர்த்தினார். உடனே எல்லோரும் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். அவர் கித்தானுக்குக் கோடு போட்டார், அதையும் நகல் எடுத்தார்கள். 1888இல் கட்டம் போட்டார், அதையும் விடவில்லை. அவர் காலமான பிறகு, 1896இல் மகன் ஜார்ஜ், அப்பாவின் பெயரெழுத்துகளையும் பூக்களையும் கலந்து ஒரு வடிவம் வரைந்தார். இன்று விமான நிலையத்தில் பெருமைக்காகத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அந்த வடிவம் போலியைத் தடுக்கப் போட்ட வேலி. நாற்பது வருஷம் ஒரு குடும்பம் விடாமல் சண்டை போட்டதன் தழும்பு அது.

எனக்கு மிகவும் பிடித்தது ரோலெக்ஸ் கதை. 1900களின் தொடக்கத்தில் கைக்கடிகாரம் என்றால் பெண்கள் அணியும் நகை. நேரம் சரியாகக் காட்டாது, தூசியும் தண்ணீரும் புகுந்துவிடும் என்று ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரத்தையே நம்பினார்கள். ரோலெக்ஸைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற வியாபாரி இதை மாற்ற நினைத்தார். தன் கடிகாரம் நல்லது என்று அவரே சொன்னால் யார் நம்புவார்? 1914இல் ஒரு கைக்கடிகாரத்தை இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்க உதவுகிற கடிகாரங்களைச் சோதிக்கும் இடம் அது. வாரக்கணக்கில், சூட்டிலும் குளிரிலும், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்து ‘ஏ’ வகுப்புச் சான்றிதழ் தந்தார்கள். ஒரு கைக்கடிகாரம் அந்த வகுப்பில் தேறியது அதுவே முதல்முறை.

அப்புறம் 1926இல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கூடு வந்தது. மறு வருஷம் அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாளில் இன்னொரு பெண் தானும் கடந்ததாகச் சொல்லி, பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பொய்யின் நிழல் கிளைட்ஸ் மேலும் விழுந்தது. சரி, மறுபடி நீந்திக் காட்டுகிறேன் என்று அவர் கடலில் இறங்கினார். அவர் கழுத்தில் ஒரு ஆய்ஸ்டர் கடிகாரம் தொங்கியது. கடல் பயங்கரக் குளிர். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய அவரைக் கரை சேரும் முன்பே படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அவ்வளவு நேரம் அவர் நீந்தியதைப் பார்த்த பிறகு யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. கழுத்தில் இருந்த கடிகாரமும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதையும் வாங்கி ரோலெக்ஸ் இதை விளம்பரம் செய்தது. விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் பத்து மணி நேர உப்புத் தண்ணீர் இருந்தது.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். ஓசூரில் டைட்டன் கம்பெனியைத் தொடங்கியது டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து, 1984இல். அந்தக் கம்பெனியே பிறகு தனிஷ்க் என்று நகைக்கடை வைத்தது. ஆரம்பத்தில் மேல்நாட்டுப் பாணியில் 18 கேரட் நகை. நம் பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 22 கேரட்டுக்கு மாறினார்கள். அதோடு கடையில் கேரட் மீட்டர் என்று ஒரு கருவியை வைத்தார்கள். எங்கே வாங்கிய நகையானாலும் கொண்டு வாருங்கள், உருக்காமல், உரசாமல் எத்தனை கேரட் என்று காட்டுகிறோம் என்றார்கள். இருபத்திரண்டு என்று நம்பிப் பெட்டியில் வைத்திருந்த நகை குறைவாகக் காட்டியபோது பலர் வீட்டில் பெரிய வருத்தம். அந்த வருத்தத்திலிருந்து அந்தக் கடைக்குப் பெயர் வந்தது. கியூ ஆய்வகமும் கேரட் மீட்டரும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் விற்கிறவன் சொல் போதாது என்று விற்கிறவனே ஒப்புக்கொள்கிறான்.

பெயர் கெட்ட கதையும் உண்டு. இங்கிலாந்தின் பர்பெரி என்ற உடைக் கம்பெனி 1856இல் தொடங்கியது. நூலிலேயே நீர் ஒட்டாமல் செய்து நெருக்கமாக நெய்த கேபர்டின் துணிக்குப் பெயர் பெற்றது. அதன் மழைக்கோட்டின் உள்புறத்தில் ஒரு கட்டத் துணி இருக்கும், போட்டவருக்கு மட்டும் தெரியும். 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்தக் கட்டம் தொப்பியிலும் குடையிலும் பையிலும் ஏறியது, போலிகளும் பெருகின. பிறகு கம்பெனி அந்தக் கட்டத்தைக் குறைத்து, வெளியே கொடுத்த உரிமங்களைத் திரும்ப வாங்கி, மூச்சைப் பிடித்து மீண்டது. ஆனால் 2018இல் ஒரு செய்தி வந்தது. விற்காத சரக்கு மலிவாக வெளியே போய்விடக் கூடாது என்று முந்தைய ஆண்டில் மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருட்களை அழித்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். பெயரைக் காக்க வழி ஆயிரம் இருக்கட்டும், உழைத்துச் செய்த துணியைக் கொளுத்துவதை என்னால் ஏற்க முடியாது. பாவு ஓட்டுவதிலிருந்து முந்தி முடிக்கும் வரை ஒரு புடவைக்குப் பின்னால் வீடே உழைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் சரக்கு இல்லையா? சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கிறார்கள். அந்த மண்ணின் மென்மை மெழுகின் நகக்கீறலைக்கூடப் பிடித்துக்கொள்ளும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாமே ஊர்ப் பெயர்கள். சிக்கலும் அங்கேதான். வித்தோன் என்பது ஒரு வீட்டின் பெயர். அதை யாராவது திருடினால் அந்த வீட்டுக்கு வலிக்கும், வக்கீலை வைக்கும். திருபுவனம் என்பது எல்லோருடைய பெயர். திருடினால் எல்லோருக்கும் கொஞ்சம் வலிக்கும், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் வாருங்கள். வழி நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகை, பித்தளை டபராவோடு. சில இடத்தில் காபி நன்றாகவே இருக்கும். சில இடத்தில் சிக்கரித் தண்ணீர். கேட்பார் யார்? மயிலாடுதுறைக் கூறைநாட்டின் நிலை இன்னும் வேதனை. பருத்தியும் பட்டும் கலந்து கட்டம் போட்ட புடவைக்குப் பேர்போன ஊர். இன்று தமிழ்நாடு முழுக்கக் கல்யாணத்தில் கூறைப்புடவை என்று எதையெதையோ கட்டுகிறார்கள். கூறைநாட்டில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. புகழ் ஊரை விட்டுப் போய்விட்டது, வேலை ஊருக்குத் திரும்பவில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு, வெளியூர்க் கடை ஒன்றில், திருபுவனம் பட்டு, சுத்தச் சரிகை என்று சொல்லி முகூர்த்தப் புடவை கொடுத்தார்கள். தலைதீபாவளிக்குள் சரிகை கறுத்துவிட்டது. சோதித்தால் வெள்ளியே இல்லாத சரிகை. அந்தப் பெண் சொன்னது என்ன தெரியுமா? “இனிமேல் திருபுவனம் பட்டே வேண்டாம்மா.” கடையின் பேர்கூட அவளுக்கு நினைவில்லை. பொய் சொன்னது ஒரு கடை, பழி விழுந்தது ஆயிரக்கணக்கான தறிகள் மேல்.

இதற்குத்தான், ஒரு ஊர்ச் சரக்கின் பெயரை அந்த ஊருக்கே உரியதாகப் பதிந்து காக்கிற புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. 1999இல் இயற்றி, 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகமே சென்னை கிண்டியில் இருக்கிறது. 2019இல் திருபுவனம் பட்டுக்குக் குறியீடு கிடைத்தபோது நாம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதற்கு அடுத்த வேலை பெரியது. குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு உற்பத்தியாளரும் தன் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனாளியாகப் பதிய வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போலி விற்கிற இடத்தைக் கண்டுபிடித்து வழக்குப் போட ஆள் வேண்டும், செலவு வேண்டும். இந்தியாவில் முதலில் குறியீடு பெற்றது டார்ஜிலிங் தேயிலை. அதற்குப் பின்னால் தேயிலை வாரியம் இருக்கிறது, வெளிநாட்டிலும் போய் வழக்காடுகிறது. நம் நெசவாளிக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்?

கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரலாம் என்பது என் நம்பிக்கை. திருபுவனத்துச் சங்கம் 1955இல் தொடங்கியது. தனி நெசவாளியால் முடியாத காவலைச் சங்கத்தால் செய்ய முடியும். புடவையை விசிறி மடிப்பில் மடிக்கும் வழக்கம் திருபுவனத்துக்கே உரியது. அதுவே ஓர் அடையாளம், ஆனால் மடிப்பை யாரும் நகல் எடுக்கலாம். நெய்தவரின் கையை நகல் எடுக்க முடியாது. கோ-ஆப்டெக்ஸ் சில வருஷம் முன்பு, நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையைப் புடவையோடு வைத்துத் தந்தது. அந்த அட்டையில் சரிகைச் சோதனையின் முடிவையும் சேர்த்து அச்சடித்துவிட்டால், என் பார்வையில், கியூ சான்றிதழுக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. சரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று புடவையைக் கெடுக்காமல் காட்டும் எக்ஸ் கதிர் கருவி இன்று இருக்கிறது. டெல்டாவில் ஜவுளி விற்கிற ஒவ்வொரு பெரிய கடையும் அதை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். கண்ணாடிக்கும் குளிர்சாதனத்துக்கும் செலவழிக்கிறவர்கள் இதற்கும் செலவழிக்கலாம்.

அடுத்த வாரம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பட்டு முத்திரை (சில்க் மார்க்), கைத்தறி முத்திரை (ஹேண்ட்லூம் மார்க்) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது சுத்தப் பட்டுக்கு, 2004 முதல் இருக்கிறது. இரண்டாவது கைத்தறியில் நெய்ததற்கு, 2006இல் வந்தது. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை. சரிகைக்குச் சோதனை கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பில் போடும்போது ‘திருபுவனம் கைத்தறிப் பட்டு, சுத்தச் சரிகை’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த ஒரு வரிதான் பேசும். எழுதத் தயங்கினால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.