பழைய டிஜிட்டல் கமராவும் கொழும்பின் ஈரக்காற்றும்

வணக்கம் நேயர்களே.

2003க்கும் 2009க்கும் இடையில் வெளிவந்த சில டிஜிட்டல் கமராக்களை, அவை தரும் நிறத்துக்காகப் படப்பிடிப்பாளர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். நிக்கோன் டி70, டி40, டி200, முதலாவது கெனன் 5டி, ஃபுஜி எஸ்5 புரோ, ஒலிம்பஸ் ஈ-1, கொஞ்சம் கைவசதி உள்ளவர்களுக்கு லைக்கா எம்9. புத்தம் புதிய கைத்தொலைபேசி சட்டைப் பையில் இருக்க, 6 மெகாபிக்சல் கமராவைத் தூக்கிக்கொண்டு காலி முகத்திடலுக்குப் போகிறவர்கள் இவர்கள். நல்ல ஆசைதான். ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு இந்தக் கமராக்களை வாங்குகிறவர், நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஈரப்பதனைப் பற்றிக் கேட்க வேண்டும். இவற்றின் பலவீனம் பெரும்பாலும் பசையிலும் பூச்சிலும் இறப்பரிலும் இருக்கிறது. அவற்றை நம்முடைய காற்று சும்மா விடாது.

இதற்கு நல்ல உதாரணம் 2005இல் வெளிவந்த ஒரு பழுது. கமராவுக்குள் ஒளியைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சர்; அந்தக் காலத்தில் பரவலாக இருந்த அதன் ஒரு வகை சிசிடி. சோனி தயாரித்த ஒரு தொகுதி சிசிடி சென்சர்களில், சென்சரை வெளிச் சுற்றோடு இணைக்கும் மெல்லிய வயர் தொடுப்புகள் கழன்றுபோயின. வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடங்களில் அது கூடுதலாக நடந்தது. அதே சென்சரைப் பல கம்பனிகள் பாவித்திருந்தன. கெனன் ஏ70, ஏ75, சோனி எஃப்717 போன்ற 2002 முதல் 2004 வரையான சின்னக் கமராக்கள் பல அதில் அடங்கும். அறிகுறி தெளிவானது: மெனு வேலை செய்யும், பழைய படங்கள் சரியாகத் தெரியும். ஆனால் புதிதாகப் படமெடுக்கத் திருப்பினால் திரை இருண்டுபோகும், அல்லது ஊதா நிறத்தில் கோடுகளோடு நெளியும். அன்றைக்குக் கம்பனிகள் இலவசமாக மாற்றிக் கொடுத்தன. இன்று உதிரிப்பாகம் கிடையாது. அந்தக் காலத்துச் சின்னக் கமராவைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, சூடான பிறகும் படம் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கெனன் 5டியின் கதை வேறு. 2005இல் வந்த இந்த 12.8 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபில்ம் அளவு சென்சர் கொண்ட) கமராவின் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடி, அதாவது மிரர், அதன் சட்டத்தில் பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. பசை தளர்ந்தால் கண்ணாடி கழன்று விழும். கெனன் பிறகு கண்ணாடியை உலோகத் துண்டுகளால் இறுக்கிக் கொடுத்தது. லென்ஸைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடியின் ஓரங்களைப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் சிறு உலோகத் துண்டுகள் தெரிந்தால் திருத்தப்பட்ட கமரா. தெரியாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்ணாடி விழுந்துவிட்டால் சுப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியிலும் உள்ளேயிருக்கும் திரையிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். இரண்டு பகுதி எபொக்சியை மிக மெல்லியதாகப் பூசி, கண்ணாடி சட்டத்தில் தட்டையாகப் படியும்படி ஒட்ட வேண்டும். சற்றுச் சரிந்தாலும் வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிவது படத்தில் கூர்மையாக வராது. இன்னொன்று: அந்தக் கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்தில்தான் இருக்கிறது. துணியால் துடைத்தால் கீறல் விழும். காற்றுப் பம்பினால் தூசியை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லைக்கா எம்9இல் சிக்கல் சென்சருக்கு மேலுள்ள மூடு கண்ணாடியில். 18 மெகாபிக்சல் கொடாக் சென்சரின் அந்தக் கண்ணாடி காலப்போக்கில் அரிபட்டது. லைக்கா பிறகு வேறு கண்ணாடி போட்ட சென்சரை உருவாக்கி மாற்றிக் கொடுத்தது. மாற்றப்படாத எம்9ஐ கொழும்பில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். சோதனை எளிது. லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கி (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசி. சென்சரைத் துப்புரவு செய்தால் போய்விடும். துப்புரவுக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால், சுற்றிலும் வெளிறிய வளையம் தெரிந்தால், அது அரிப்பு. இந்த வானப் படத்தை எந்தக் கமராவை வாங்கினாலும் எடுத்துப் பாருங்கள்.

இனி நிறத்தைப் பற்றி. சிசிடி சென்சருக்குத் தனி மாயம் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். சிசிடியோ, இன்றைய கமராக்களில் இருக்கும் சீமோஸ் வகையோ, சிலிக்கன் ஒளியைத்தான் எண்ணுகிறது. நிறம் அதன்மேலுள்ள வடிகட்டியிலும் கமராவின் கணிப்பிலும் உருவாகிறது. அந்தக் காலத்துக் கமராக்கள் நிழலைச் சற்று அடர்த்தியாகவும் நிறத்தைச் சற்று அழுத்தமாகவும் கொடுத்தன. பகல் வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100 அல்லது 200இல் அது உண்மையிலேயே அழகு. ஐஎஸ்ஓ 800க்கு மேல் போனால் அந்த அழகு இரைச்சலில், அதாவது படத்தில் தோன்றும் புள்ளிப் புள்ளியான மணல்தன்மையில், கரைந்துவிடும். மண்டபத்துக்குள் இரவுக் கலியாணம் எடுக்க இவற்றை நம்ப வேண்டாம்.

ஆனால் டி70, டி40 இரண்டிலும் இன்றைய கமராக்கள் பலவற்றில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: பிளாஷை நொடியின் 500இல் ஒரு பங்கு வேகத்தில் பாவிக்கலாம். இந்த வேகங்களில் வெளிச்சத்தை நிறுத்துவது சென்சரே என்பதால் இது முடிகிறது. பயனைப் பாருங்கள். ஆடிவேல் தேர் போகும் நண்பகல் வெயில், ஐஎஸ்ஓ 200. 250இல் ஒரு பங்கு வேகம் என்றால் துவாரத்தை எஃப் 14 அளவுக்குச் சுருக்க வேண்டும். 500இல் ஒரு பங்கு என்றால் எஃப் 10 போதும், துவாரம் கூடுதலாகத் திறந்திருக்கும். காவடி எடுப்பவரின் முகத்து நிழலை நீக்க பிளாஷ் பாதிச் சக்தியில் எரிந்தால் போதும், பற்றரியும் மிஞ்சும். சூரியனையே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் மட்டும் படத்தில் நெடுக்குக் கோடு விழலாம், கவனம்.

ஃபுஜி எஸ்5 புரோ கலியாணப் படப்பிடிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதும் சின்னதுமாக இரண்டு ஒளியுணரிகள். சின்னது வெள்ளைப் பட்டு வேட்டியின் மடிப்புகள் வெளுத்துப்போகாமல் பிடித்துக்கொள்ளும். உடல் நிக்கோன் டி200 உடையது, ஆனால் பற்றரி உருவத்தில் மட்டும்தான் ஒன்று. நிக்கோனின் ஈஎன்-ஈஎல்3ஈ பற்றரியை அது ஏற்காது, என்பி-150 வேண்டும். டி200க்கு வாங்குபவர்களும் கடைசியிலுள்ள "ஈ" எழுத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஈஎன்-ஈஎல்3 அதில் வேலை செய்யாது.

புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ பாவித்த கமரா பார்க்கப் போகும்போது உங்கள் கார்டையும் ஒரு சின்ன டோர்ச்சையும் கொண்டுபோங்கள். காம்பெக்ட் ஃபிளாஷ் கார்ட் போடும் கமரா என்றால் உள்ளே எட்டிப் பார்த்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஒரு ஊசி வளைந்தாலும் கார்ட் வாசிக்காது. எஸ்டி கார்ட் என்றால் 2006க்கு முந்தைய கமராக்களுக்கு 2 ஜிபி கார்ட் கொண்டுபோவது பாதுகாப்பு. நிக்கோனில் ஒரு படம் எடுத்து வீட்டுக் கணினியில் திறந்தால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்பது கோப்பிலேயே இருக்கும். 5டி அதைக் கோப்பில் எழுதுவதில்லை. அதன் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்கு என்று வடிவமைக்கப்பட்டது. லென்ஸின் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதும் தெரிந்தால் பூஞ்சணம்.

வாங்கிய பிறகு தோல் உறைக்குள் வைக்க வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸ் அவணில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து மீண்டும் பாவிக்கலாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். கடற்கரையில் எடுத்த நாளில், உப்பை மெல்லிய ஈரத் துணியால் துடைத்துவிட்டு உலர் துணியால் துடையுங்கள். பிசுபிசுத்துப்போன இறப்பர் பிடிக்கு ஐசோபுரொபைல் அல்கஹோல் போதும்.

முதன்முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது டி40. 6 மெகாபிக்சல்தான். 3008க்கு 2000 புள்ளிகள். அல்பத்துக்கு 12க்கு 8 அங்குலப் பிரதி, அங்குலத்துக்கு 250 புள்ளி வீதம் தாராளமாக வரும். கமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். லென்ஸில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ஏஎஃப் என்று எழுதிய பழைய நிக்கோன் லென்ஸ் மலிவாகக் கிடைத்தால், கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் பண்ண வேண்டியிருக்கும்.

வணக்கம்.