ஒரு சிலை, ஒரே ஒரு கீஃப்ரேம்

வணக்கம் மக்களே, பின்னாடி மிக்சி ஓடுது கண்டுக்காதீங்க. பெரிய கோயில்ல செதுக்கியிருக்கிற கரணத்த, அதாவது பழைய நடன அசைவுகள, ப்ளெண்டர்ங்கிற 3D அனிமேஷன் சாஃப்ட்வேர்ல ஆட வைக்கப் போறேன்னு போன வீடியோல வாய விட்டேன்ல, மூணு வாரமா அதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

நாட்டிய சாஸ்திரம் நாலாவது அத்தியாயத்துல மொத்தம் 108 கரணம். தஞ்சாவூர்ல விமானத்துக்குள்ள மேல் தளத்துல, சிவனே ஆடுற மாதிரி 81 செதுக்கிட்டு மிச்ச 27 கல்ல அப்படியே விட்டுட்டாங்க. அங்க பொதுவா நம்மள மேல ஏற விட மாட்டாங்க, அதனால போட்டோ வச்சுதான் வேலை.

முதல் கரணம் தலபுஷ்பபுடம். ஸ்லோகத்துல என்ன இருக்குன்னா, இடது பக்கம் ரெண்டு கையும் பூ ஏந்துற மாதிரி, பாதம் அக்ரதலசஞ்சரம், அதாவது குதிகால தூக்கி முன்பாதத்துல, இடுப்புப் பக்கம் வளைஞ்சு... அவ்ளோதான்! கை எந்த வழியா அங்க போச்சு, எத்தன தாளத்துல போச்சு, ஒண்ணும் கிடையாது. கரணம்ங்கிறது போஸ் இல்ல, ஒரு முழு அசைவுன்னு நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அம்மா எப்பவோ ஆடியே காட்டிட்டாங்க, ஆனா சிலை நமக்குக் குடுக்கிறது ஒரே ஒரு கீஃப்ரேம், அதாவது அசைவுல நாமளே நிறுத்தி வைக்கிற ஒரு போஸ். நடுவுல உள்ளத கம்ப்யூட்டர்கிட்ட விட்டா அது குறுக்கு வழில போகும், நான் செஞ்ச 3D பொண்ணோட கை இடுப்புக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு, பேய் படம் மாதிரி.

இதுல இன்னொரு கூத்து, சிவனுக்கு நாலு கை, என் ரிக்குக்கு, அதாவது உருவத்த அசைக்கிற எலும்புக்கூட்டுக்கு, ரெண்டு கை. எந்த ஜோடிய எடுக்குறது? லலாடதிலகம் வேற இருக்கு, கால பின்னாடி தேள் கொடுக்கு மாதிரி தூக்கி கட்டைவிரலால நெத்தில பொட்டு வைக்கணும், உருவத்தோட தோல் மாதிரி இருக்குற மெஷ் தொடைல கிழிஞ்சே போச்சு.

பிரான்ஸ்காரங்க பாடு இதுக்கு நேர் எதிர். 1700ல ஃபோயேங்கிற நடன ஆசிரியர் போட்ட புத்தகத்துல நடனத்த மேல இருந்து பாக்குற மாதிரி தரைல கோடா போட்டு, எந்த அடி பாட்டுல எங்க விழணும்னு குறிச்சிருக்கு, ஆனா அந்த முறைல எழுதின நடனங்கள்ல கை பெரும்பாலும் இருக்காது. அவங்களுக்கு கால் கிடைச்சுது கை இல்ல, நமக்கு கை கால் ரெண்டும் கிடைச்சுது, அசைவு இல்ல. எனக்கு அவங்க மேல கொஞ்சம் பொறாமைதான்.

கடைசில பரதம் ஆடுற எங்க அக்காவ ஆடச்சொல்லி போன்ல எடுத்து, அத பாத்து நடு ஃப்ரேம் போட்டேன். சூப்பரா வந்துச்சு, ஆனா அக்கா உடம்பு இப்ப கத்துக்குற பரதத்துல பழகினது, தானா முட்டிய மடக்கி அரைமண்டில போய் உக்காருது, அப்ப நான் செஞ்சது சோழர் காலத்து ஆட்டமா இல்ல எங்க அக்கா ஆட்டமா? எனக்கே சந்தேகம். அதனால நானா ஊகிச்ச ஃப்ரேம் வரும்போதெல்லாம் உருவத்த சாம்பல் கலர்ல மாத்திட்டேன், கல்லுல இருக்குற போஸ் மட்டும் முழு கலர். இப்ப ஓட விடுறேன் பாருங்க, முக்கால்வாசி சாம்பலாத்தான் இருக்கும்.